இருநூற்று ஐம்பத்தைந்துக்கு மேலே

சிட்டிகை என்ற பெயரை நான் முதன்முதலில் கேட்டது ஒரு மகப்பேறு ஆஸ்பத்திரியின் நடையில். என் தங்கைக்கு இரண்டாவது பிள்ளை பிறந்த மறுநாள். பார்க்க வந்தவர்களுக்குக் கொடுக்கச் சொல்லி ஒரு பிஸ்கட் பாக்கெட்டை ஐந்து வயதுப் பெண் ஒருத்தியிடம் கொடுத்திருந்தார்கள். அவள் ஒவ்வொரு பிஸ்கட்டையும் நாலாக உடைத்து, ஆளுக்கு ஒரு துண்டை உள்ளங்கையில் வைத்துக்கொண்டே வந்தாள். அறைக்குள்ளிருந்து என் தங்கை வீட்டுக்காரர் சத்தம் போட்டார்.

“ஏய் சிட்டிகை! மனுசங்களுக்குக் குடுக்குறியா, எறும்புக்குப் போடுறியா?”

“பின்னாடி இன்னும் எட்டுப் பேர் நிக்கிறாங்க மாமா. அவங்க வாயப் பாத்துக்கிட்டு இருக்கணுமா?”

நடை முழுக்கச் சிரிப்பு. அவள் மட்டும் சிரிக்கவில்லை. உடைத்துக்கொண்டே போனாள்.

என் தங்கை வீட்டுக்காரருடைய மூத்த அக்காவின் ஒரே மகள் அவள். என் தங்கையை அத்தை என்பாள், என்னைப் பெரியத்தை என்பாள். அவளுடைய அப்பா பேருந்துப் பணிமனையில் இருந்தார். அவள் பள்ளிக்கூடம் முடிக்குமுன் போய்ச் சேர்ந்துவிட்டார். அம்மாவும் மகளும்தான். சோப்பு தேய்ந்து சில்லாகிவிட்டால் அடுத்த சோப்பின் முதுகில் ஒட்டிவைப்பார்கள். அந்த வீட்டில் வளர்ந்த பெண் கணினி படித்தாள். அதில் எதைச் சிக்கனம் செய்ய முடியும் என்று நாங்கள் கேலி பேசினோம். முடியும் என்று அவள் காட்டிவிட்டாள். அதுதான் இந்தக் கதை.

டயர் கடைக்குப் பின்னால், மாடியும் கீழுமாக ஒரு சின்னக் கம்பெனியில் அவளுக்கு வேலை கிடைத்தது. கீழே தகடு வெட்டுவார்கள், வெல்டிங் நடக்கும். மேலே நீளமான மேசைகள். மேசை மேல் ஈயம் உருக்கும் கம்பி, வண்ண வண்ண ஒயர்ச் சுருள்கள், ஆறிப்போன டீயில் முங்கிக் கிடக்கும் வெப்பமானிக் கம்பி. பெரிய கம்ப்யூட்டருக்கு எழுதுகிற புரோகிராம் அல்ல அவளுடையது. விரல் நகத்தளவு சிப்புக்குள் உட்கார்ந்து ஒரு மெஷினை நடத்துகிற புரோகிராம். முதலில் ஐஸ்கிரீம் பெட்டிகளுக்கு எழுதினாள்.

ஒரு நாள் மதியம் எங்கள் வீட்டில் சாப்பிட்டு முடித்து, கை துடைத்துக்கொண்டிருந்தவளிடம், “நீ பண்ற வேலைதான் என்னடி? ஒரு எழவும் புரியல,” என்றேன். சுவரில் இருந்த சுவிட்சு போர்டைக் காட்டினாள்.

“இதுல எட்டு சுவிட்சு இருக்கா? ஒவ்வொண்ணும் போட்டிருக்கும், இல்ல அணைச்சிருக்கும். எட்டையும் மாத்தி மாத்திப் போட்டா இருநூத்தி அம்பத்தாறு விதம் வரும் பெரியத்தை. எல்லாம் அணைஞ்சிருந்தா சைபர். எல்லாம் போட்டிருந்தா இருநூத்தி அம்பத்தஞ்சு. இந்த ஒரு போர்டுதான் ஒரு பைட்டு.”

“அதுக்கு மேல எண்ணணும்னா?”

“ரெண்டு போர்டு வேணும். ரெண்டு சேந்தா அறுபத்தஞ்சாயிரத்தி அஞ்சூத்தி முப்பத்தஞ்சு வரைக்கும் போகும். நாலு போர்டுன்னா நானூத்தி இருபத்தொம்பது கோடி. எட்டு போர்டுன்னா அந்த எண்ணைச் சொல்றதுக்குள்ள நீங்க தூங்கிடுவீங்க.”

“ஐஸ் பெட்டில சைபருக்கும் கீழ போகுமே, அதுக்கு?”

“அட! கேக்குறீங்களே பெரியத்தை! அதுக்கு ஒரு சுவிட்ச மைனஸ்காரனுக்கு விட்டுக் குடுத்துரணும். அப்ப அந்தப் பக்கம் மைனஸ் நூத்தி இருபத்தெட்டு, இந்தப் பக்கம் நூத்தி இருபத்தேழு. மொத்தம் அதே இருநூத்தி அம்பத்தாறுதான். நடுவுல கோடு போட்டு அண்ணன் தம்பி பாகம் பிரிக்கிற மாதிரி.”

எனக்குப் புரிந்தது அவ்வளவுதான். எந்த எண்ணுக்கு எத்தனை போர்டு ஒதுக்குவது என்று முதலிலேயே முடிவு செய்துவிட வேண்டும். ஒதுக்கியதற்கு மேல் ஒன்று கூட்டினால் எல்லா சுவிட்சும் ஒரேயடியாக அணைந்து சைபர் ஆகிவிடும். மெஷின் முணுமுணுக்காது, எச்சரிக்காது. சைபரைப் பார்த்து சைபர் என்றே நம்பிக்கொண்டு மேலே வேலையைப் பார்க்கும்.

அடுத்து அந்தக் கம்பெனி ரொட்டி அடுப்பு செய்ய ஆரம்பித்தது. ஆள் உயரத்துக்கு எஃகுப் பெட்டி, அடியில் கேஸ் பர்னர், முன்னால் சிவப்பாய் எரியும் எண். எத்தனை டிகிரி வேண்டுமோ திருகி வைத்துவிட்டால் சூடு குறையும்போது மெஷினே தீயைக் கூட்டும், ஏறியதும் குறைக்கும். முதலாளி எங்கிருந்தோ மலிவான சிப் ஒன்றைப் பிடித்து வந்திருந்தார். அதற்குள் எண்களை வைக்க மொத்தமே அறுபத்து நாலு பைட் இடம். இன்னொரு என்ஜினியர் இதில் நடக்காது என்று கையை விரித்துவிட்டான். சிட்டிகை உட்கார்ந்தாள்.

சூடு ஒரு நேரம் கூடவும் ஒரு நேரம் குறையவும் காட்டும் என்பதால் கடைசி எட்டு அளவுகளை வைத்துக்கொண்டு அவற்றின் சராசரியைத்தான் மெஷின் பார்க்கும். எட்டு அளவுக்கும் இரண்டிரண்டு பைட் கொடுத்தால் பதினாறு போய்விடும். மற்ற வேலைக்கு இடம் பற்றாது. அடுப்பில் மைனஸ் எதற்கு, அந்தப் பாகத்தையும் எண்ணுக்கே கொடுத்துவிட்டால் ஒரே பைட்டில் இருநூற்று ஐம்பத்தைந்து வரை போகலாமே என்று கணக்குப் போட்டாள். அடுப்பில் திருகி வைக்க முடிந்த அதிகபட்சச் சூடே இருநூற்று நாற்பதுதான். அளவுக்கு ஒரு பைட். எட்டு அளவுக்கு எட்டு பைட். எல்லாம் கச்சிதமாக உட்கார்ந்தது. கடைசியில் ஒரே ஒரு பைட் மிச்சம் வேறு.

முதலாளி ஒரு கேள்வி கேட்டார். “ஏம்மா, சூடு அதத் தாண்டிட்டா?”

“தாண்டுனா அது ரொட்டி இல்ல சார், கரி,” என்றாள்.

மாடியே வாய்விட்டுச் சிரித்தது. முதலாளிக்கு அந்தப் பேச்சு ரொம்பப் பிடித்துப்போய், அடுப்பு விற்கப் போகிற இடமெல்லாம் அதையே சொன்னாராம்.

அந்த அடுப்பில் ஒன்று என் அண்ணன் மகள் வீட்டுக்கு வந்தது. அண்ணன் மகளும் அவள் வீட்டுக்காரரும் சேர்ந்து ஒரு பேக்கரி நடத்தினார்கள். முன்னால் கடை, பின்னால் மாவு பிசையும் அறை, அதற்கும் பின்னால் அடுப்பு. அவரை எல்லோரும் ரொட்டிக்காரர் என்றுதான் கூப்பிடுவோம். வாய் திறந்து பேசுவது அபூர்வம். அதற்கும் சேர்த்து இவள் பேசிவிடுவாள். நம் வீட்டுப் பெண் எழுதின மெஷின் இருக்கும்போது வேறு எங்கே வாங்குவது என்று என் தங்கை வீட்டுக்காரர் சொல்லித்தான் வாங்கினார்கள். அடுப்பு இறங்கிய அன்று சிட்டிகையே வந்தாள்.

அண்ணன் மகளுக்கு ஒரு பழக்கம். பழைய அடுப்பில் வாய்க்கு நேரே புறங்கையை நீட்டி, தோல் சொல்வதை வைத்தே சூடு எவ்வளவு என்று சொல்லிவிடுவாள். புது அடுப்பின் முன்னாலும் போய்க் கையை நீட்டினாள். சிட்டிகை அந்தக் கையைப் பிடித்து இறக்கினாள்.

“அக்கா, இனிமே இந்த வேலையெல்லாம் வேணாம். எண்ணப் பாருங்க. உங்க கை ஒரு நாள் இல்லாட்டி ஒரு நாள் பொய் சொல்லும். இது சொல்லாது.”

“எங்கையப் பொய்யிங்குறா பாருங்க இவ!” என்று அண்ணன் மகள் புருஷனைப் பார்த்தாள். அவர் சிரித்தார்.

“சரிடி அம்மா, உன் எண்ணையே நம்புறேன்,” என்றாள். நம்பவும் செய்தாள்.

ஒரு வருஷம் நன்றாகத்தான் போனது. பிறகு ஒரு பெரிய விடுதிக்குத் தினம் பன் அனுப்பும் ஆர்டர் கிடைத்தது. அடுப்பு சூடேற நேரம் ஆகிறது என்று ரொட்டிக்காரர் பர்னரைக் கழற்றிவிட்டு அதைவிடப் பெரியதாக ஒன்று வாங்கி மாட்டினார். “கம்பெனிக்காரங்களக் கேக்காம மாத்தாதீங்க,” என்று அண்ணன் மகள் சொன்னாள். அவர் காதில் போட்டுக்கொள்ளவில்லை.

ஒரு மதியம். அடுப்பை இருநூற்று நாற்பதில் வைத்துவிட்டு ரொட்டிக்காரர் விடுதிக்குப் போயிருந்தார். இவள் கடையில் ஆட்களுக்குக் கட்டிக் கொடுத்துவிட்டு உள்ளே வந்தாள். சிவப்பு எண்ணைப் பார்த்தாள். நாற்பத்து நாலு. தீ அணைந்து வெகு நேரமாயிற்று போல என்று நினைத்தாள். குளிக்கிற வெந்நீர்ச் சூடு அது. உள்ளே காலித் தட்டு ஒன்று இருந்தது. கதவைத் திறப்பதும் தட்டை இழுப்பதும் அவள் கைக்கு ஒரே வேலை. துணி எடுக்கவில்லை. கதவை இழுத்த வேகத்திலேயே இரண்டு கையாலும் தட்டைப் பிடித்துவிட்டாள்.

உள்ளே முந்நூறு டிகிரி இருந்திருக்கிறது.

அனல் முகத்தில் அடித்தது. புருவமும் முன்முடியும் பொசுங்கின. முகம் பிறகு தேறிவிட்டது. உள்ளங்கைகள்தான். தட்டை விடவேண்டும் என்று கைக்குத் தெரிவதற்குள் தோல் அதோடு ஒட்டிக்கொண்டது. இதற்கு மேல் அதைச் சொல்ல எனக்கு மனசில்லை.

ஆஸ்பத்திரியில் வாய் திறந்ததிலிருந்து அவள் ஒன்றே ஒன்றைத்தான் சொன்னாள். “நாப்பத்தி நாலுன்னு காட்டுச்சு.” யாரும் நம்பவில்லை. கம்பெனியிலிருந்து மெக்கானிக் வந்து ஆறிக் கிடந்த அடுப்பைப் போட்டுப் பார்த்தான். எண் சரியாக ஏறியது. பெரிய பர்னரைப் பார்த்ததும் உதட்டைப் பிதுக்கினான். கேஸை மூடிவிட்டு, “கண்ட பர்னர மாட்டுனா இப்படித்தான் ஆகும்,” என்று சொல்லிவிட்டுப் போய்விட்டான்.

பழி ரொட்டிக்காரர் தலையில் விழுந்தது. அவர் அதைத் தானாகவே எடுத்து வைத்துக்கொண்டார் என்றும் சொல்லலாம். கடைக் கதவைச் சாத்திவிட்டார். என் அண்ணன் வந்து மகளைத் தன் வீட்டுக்குக் கூட்டிக்கொண்டு போனார். முதலில் கை ஆறுகிறவரைக்கும் என்றார். பிறகு, “என் பொண்ண எரிக்கப் பாத்தவன் வீட்டுக்கு இனி எதுக்கு அனுப்பணும்?” என்று ஆரம்பித்தார். ரொட்டிக்காரர் சாயங்காலம்தோறும் களிம்பும் பழமும் வாங்கி வந்து கேட்டுக்கு வெளியே நிற்பார். யாராவது வாங்கிக்கொள்வார்கள். உள்ளே வா என்று அண்ணன் சொல்லவில்லை. அவரும் வந்ததில்லை. கட்டுப்போட்ட கையோடு அவள் ஜன்னலுக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருப்பாள். பதினோரு வருஷக் குடும்பம் அந்த கேட்டில் வந்து அறுந்துகொண்டிருந்தது.

ஐஸ் பெட்டி வேலையாக வெளியூர் போயிருந்த சிட்டிகை திரும்பியதும் பார்க்க வந்தாள். நானும் அங்கே இருந்தேன். கட்டில் ஓரத்தில் உட்கார்ந்து ஆரஞ்சு உரித்து ஒவ்வொரு சுளையாக அண்ணன் மகள் வாயில் ஊட்டிக்கொண்டிருந்தாள். பேச்சு சுற்றிச் சுற்றி அங்கேதான் வந்தது.

“எல்லாரும் எனக்குக் கண்ணு பொட்டைங்குறாங்க,” என்றாள் அண்ணன் மகள்.

“யாரும் அப்படிச் சொல்லலம்மா,” என்றார் அண்ணன். “இருநூத்தி நாப்பத்தி நாலுன்னு இருந்திருக்கும். அவசரத்துல முன்னாடி இருந்த ரெண்ட நீ பாக்கல. அவ்வளவுதான். தப்பு உன்மேல இல்ல, அந்தப் பர்னர மாட்டுனவன் மேல.”

“ரெண்டு இல்லப்பா. வெறும் நாப்பத்தி நாலு. சத்தியமா. பாத்துட்டு, அடடா தீ அணைஞ்சு போச்சேன்னு நெனச்சதுகூட ஞாபகம் இருக்கு.”

“சரி, சரி. பழசப் போட்டுக் கொழப்பிக்காத.”

நான் சிட்டிகையைப் பார்த்தேன். சுளை பிடித்த கை பாதி வழியில் நின்றுவிட்டிருந்தது. முகத்தில் ஈயாடவில்லை. உதடு மட்டும் அசைந்தது, மனக்கணக்குப் போடுகிறவர்களுக்கு அசைவது போல. பிறகு, “டாக்டரு... உள்ள எவ்வளவு சூடு இருந்திருக்கும்னு சொன்னாரா?” என்றாள்.

“தட்டு நீலம் பாரிச்சதப் பாத்துட்டு முந்நூறு இருந்திருக்கும்னு மெக்கானிக் சொன்னான். மீட்டரு அத எட்டிப் பிடிக்கலியாம்,” என்றார் அண்ணன்.

சுளையைத் தட்டில் வைத்தாள். பஸ் இருக்காது என்று ஏதோ முனகிவிட்டு எழுந்து போய்விட்டாள். “அக்காவக் கொஞ்சம் நேரம் பாத்துக்க முடியலியா இந்தப் பொண்ணால?” என்று அண்ணி முகம் சுளித்தாள்.

அதன் பிறகு நடந்ததை அவளே சில வாரம் கழித்து எங்கள் வீட்டுக்கு வந்து சொன்னாள். வந்தவள் நாற்காலியில் உட்காரவில்லை. அடுக்களை வாசலில் தரையில் உட்கார்ந்தாள். இளைத்துப் பாதியாகியிருந்தாள். சாப்பிடுகிறாயா என்று கேட்டதற்கு வேண்டாம் என்றாள்.

அன்றைக்கு வீட்டுக்குப் போகவில்லை. நேரே கம்பெனிக்குப் போயிருக்கிறாள். மேசையில், சிப்பும் சிவப்பு எண்ணும் உள்ள ஒரு அடுப்பு மீட்டரை எடுத்து மாட்டி, வெப்பமானிக் கம்பிக்கு நேரே பெயிண்ட் உரிக்கிற அனல் துப்பாக்கியைப் பிடித்தாள். இருநூற்று ஐம்பது. ஐம்பத்து மூன்று. ஐம்பத்தைந்து. அதற்கப்புறம் எண் மளமளவென்று சரிந்து கீழே போனது. சைபர் பக்கம் வந்து நின்றது. பிறகு மெல்ல ஒன்று, இரண்டு என்று ஏற ஆரம்பித்தது. தீ திறந்திருப்பதைக் காட்டுகிற விளக்கு பளிச்சென்று எரிந்தது. அடுப்பு சில்லிட்டுவிட்டதாக நினைத்து மெஷின் தீயை முழுசாகத் திறந்துவிட்டது.

“முந்நூறுல இருநூத்தி அம்பத்தாறு போனா நாப்பத்தி நாலு பெரியத்தை. அக்கா சரியாத்தான் பாத்திருக்காங்க. பெரிய பர்னரு சூட்டக் கொஞ்சம் தாண்டவிட்டது உண்மைதான். ஆனா இருநூத்தி அறுபதுக்கு மேல ஏறாம தீ அணைஞ்சிருக்கணும். அணைக்காம இன்னும் எரிய வெச்சது நான்.”

மறுநாள் முதலாளியிடம் சொன்னாள். அவர் கதவைச் சாத்திவிட்டு உட்கார்ந்தார். நல்ல மனுஷர்தான், கெட்டவர் என்று சொல்ல முடியாது. “இப்ப சரி பண்ண முடியுமா?” என்று கேட்டார். முடிந்தது. எட்டு அளவு எதற்கு, நாலு போதும் என்று குறைத்து அளவுக்கு இரண்டு பைட் கொடுத்தாள். அதே எட்டு பைட் இடம்தான். அரை நாள் வேலை.

“அரை நாள்,” என்று என்னிடம் இரண்டு தரம் சொன்னாள். “அப்பவே அரை நாள் கூட ஒக்காந்திருந்தா தோணிருக்கும். தோணல. கச்சிதமா ஒக்காந்துருச்சுங்குற சந்தோசத்துல இருந்தேன். அவர் கேக்கவும் செஞ்சாரு, தாண்டுனான்னு. நான் ஜோக்கடிச்சேன்.”

இலவசப் பரிசோதனை என்று சொல்லிக்கொண்டு, அதுவரை விற்ற அடுப்பு அத்தனைக்கும் மெக்கானிக் போய்ப் புது சிப்பை மாட்டிவிட்டு வந்தான். எதற்கு என்று அவனிடமும் சொல்லவில்லை. முதலாளி சொன்னார்: “இனிமே யாருக்கும் ஒண்ணும் ஆகாதும்மா. அது போதும். வெளிய சொன்னா கம்பெனி படுத்துரும். கீழ வெல்டிங்ல இருக்குறவங்க குடும்பத்த யாரு பாப்பா? அந்த ரொட்டிக்காரரு பர்னர மாத்துனது தப்புதான?”

அவளும் வாரக்கணக்கில் அதையே தனக்குச் சொல்லிப் பார்த்திருக்கிறாள். பர்னரை மாற்றியது தப்புதானே? தப்புதான். ஆனால் சாயங்காலம் வேலை விட்டுப் போகும் பஸ் என் அண்ணன் வீட்டுத் தெரு வழியாகப் போகும். ஜன்னலோரம் உட்கார்ந்தால் கேட்டுக்கு வெளியே பை வைத்துக்கொண்டு நிற்கிற ரொட்டிக்காரர் தெரிவார். பஸ்ஸில் இடம் மாறி உட்கார்ந்து பார்த்திருக்கிறாள். பிறகு வேறு பஸ்ஸில் போய்ப் பார்த்திருக்கிறாள்.

“அந்தண்ணன் அங்க நிக்கிறது என் இடம் பெரியத்தை,” என்றாள்.

கேட்டுக்கொண்டிருந்த எனக்கு இரக்கம் வந்திருக்க வேண்டும். வரவில்லை. என் அண்ணன் மகளின் கைதான் கண்முன் நின்றது. உத்தமி வேஷம் போடுகிறாளா என்று ஆத்திரம் வந்தது. “எங்கிட்ட எதுக்குடி வந்து அழுவுற? எங்கையா வெந்துச்சு? அவகிட்டப் போய்ச் சொல்லு,” என்று கத்திவிட்டேன்.

“நீங்க கூட வர்றீங்களா?”

“வரேன். ஆனா உனக்காக ஒரு வார்த்த பேச மாட்டேன்.”

அந்தச் சாயங்காலமே போனோம். கேட்டுக்கு வெளியே ரொட்டிக்காரர் நின்றுகொண்டிருந்தார். சிட்டிகை நேரே அவர் முன்னால் போய் நின்றாள்.

“அண்ணே, உள்ள வாங்க. உங்க முன்னாடி சொல்லணும்.”

அவர் என்னைப் பார்த்தார். நான் கேட்டைத் திறந்தேன். அண்ணன் கூடத்தில் எழுந்து நின்றார். “இவன யாரு உள்ள விட்டது?” என்றார்.

“நான்தான்,” என்றேன். “கொஞ்ச நேரம் வாய வெச்சுக்கிட்டு இரு.”

அண்ணன் மகள் வந்து அறை வாசற்படியில் நின்றாள். கட்டு அவிழ்த்திருந்தது. விரல்கள் இன்னும் பாதிதான் மடங்கின. சிட்டிகை அவளைப் பார்த்துச் சொல்ல ஆரம்பித்தாள். சுற்றி வளைக்கவில்லை. தன்னைக் காப்பாற்றிக்கொள்ள ஒரு ‘ஆனா’ கூடப் போடவில்லை. ஒரு பைட்டில் எவ்வளவு வரை எண்ண முடியும், தாண்டினால் என்ன ஆகும், எதற்காக அப்படி எழுதினாள், முதலாளி கேட்டபோது என்ன ஜோக் சொன்னாள் என்று எல்லாம் சொன்னாள். பிறகு மெஷின் முந்நூறை நாற்பத்து நாலு என்றுதான் காட்டியிருக்கும் என்றாள்.

அண்ணன் மகள் படியிலிருந்து கூடத்துக்குள் வந்தாள்.

“அப்ப... ரெண்டு இல்லல்ல?”

“இல்லக்கா. வெறும் நாப்பத்தி நாலு. நீங்க பாத்தது சரி.”

“அப்பா, கேட்டுக்கங்க,” என்றாள். குரல் உடைந்தது. “கேட்டீங்களா? எனக்குக் கண்ணு நல்லாத்தான் தெரியுது.”

அண்ணன் தலையைக் குனிந்துகொண்டார்.

அப்போதுதான் ரொட்டிக்காரர் பேசினார். “அதெல்லாம் சரி. பர்னர மாட்டுனது நான்தான். நீ வேணாம்னு சொன்ன. அது மாறாது.”

“நீங்க சும்மா இருங்க!” என்று இவள் அவர் பக்கம் திரும்பினாள். “பர்னருக்காகவா நான் முதுகக் காட்டிக்கிட்டு ஒக்காந்திருந்தேன்? ஊரே பொய்யின்னுச்சு, சரி. ஆஸ்பத்திரில கட்டில் பக்கத்துல நின்னுக்கிட்டு நீங்களும் என்ன சொன்னீங்க? ‘ரெண்டு விட்டுப் போயிருக்கும்மா’ன்னு சொன்னீங்கள்ல? பதினோரு வருசம் என் கைய வெச்சு சூடு பாத்தவரு நீங்க. எங்கண்ண நம்பல.”

அவர் முகத்தில் அடி விழுந்த மாதிரி நின்றார். “தப்புதான்,” என்றார். அதற்கு மேல் அவருக்கு வார்த்தை வராது, அது எல்லோருக்கும் தெரியும். கையிலிருந்த பையைக் கீழே வைத்தார். எங்கே வைத்தோம் என்று தெரியாமல் பிறகு தேடினார். அதைப் பார்த்து அவளுக்கு அழுகையோடு சிரிப்பும் வந்துவிட்டது.

“காலுக்குக் கீழ இருக்கு. உங்களுக்குத்தான் கண்ணு போச்சு.”

சிட்டிகை ஓரமாக நின்றிருந்தாள். போகலாமா நிற்கலாமா என்று தெரியாத நிலை. அண்ணன் மகள் அவள் பக்கம் திரும்பியபோது முகம் மறுபடி இறுகியது.

“நீ வந்து சொன்னது நல்லது. இல்லாட்டி நான் பைத்தியமாவே ஆயிருப்பேன். ஆனா பரவால்லன்னு சொல்ல எனக்கு வரல. வரும்போது சொல்றேன். வராமயும் போகலாம்.”

“வேணாங்க்கா,” என்றாள் சிட்டிகை. “அதுக்காக வரல.”

“எங்கையப் பொய் சொல்லும்னு சொன்னியே.”

சிட்டிகை தலையை ஆட்டினாள். தெருவுக்கு வந்து பஸ் நிறுத்தத்தில் என் பக்கத்தில் நின்றவள், வந்த பஸ்ஸில் ஏறாமல் விட்டுவிட்டாள். நான் தோளில் கை வைத்தேன். அதற்கு மேல் எனக்கும் வரவில்லை.

அடுத்த வாரம் தொழிற்சாலைப் பாதுகாப்பு அலுவலகத்துக்குத் தானே போய் எல்லாவற்றையும் சொன்னாள். ஏற்கெனவே சரி செய்தாகிவிட்டதே, எதற்கம்மா என்று அங்கிருந்தவரே கேட்டாராம். மெக்கானிக் மாற்றாமல் விட்டது ஒன்றாவது இருந்தால் என்ன செய்வது என்றாள். இருந்தது. விலாசம் மாறிப்போன இரண்டு கடைகளில் பழைய சிப்போடு அடுப்பு எரிந்துகொண்டிருந்தது. முதலாளி அடுப்பு செய்வதை நிறுத்த வேண்டியதாயிற்று. வெல்டிங் ஆட்களில் நாலு பேருக்கு வேலை போனது. அவர்களில் ஒருவர் இவள் வீட்டு வாசலில் வந்து, “நீ உன் மனசு லேசாகணும்னு பண்ணுன. எங்க அடுப்பு அணைஞ்சுபோச்சு,” என்று சொல்லிவிட்டுப் போனார். அதையும் வாங்கிக்கொண்டாள். முதலாளி அவளைப் போகச் சொல்லவில்லை. அவளே நின்றுவிட்டாள்.

அண்ணன் மகள் அந்த மாதக் கடைசியில் புருஷன் வீட்டுக்குப் போனாள். பேக்கரியைத் திறந்தார்கள். மாவு பிசைவது இப்போது அவர்தான். அவளுடைய வலக்கையில் இரண்டு விரல் முழுசாக மடங்காது. கல்லாவில் உட்கார்ந்து அவரை அதட்டிக்கொண்டிருக்கிறாள். அடுப்பு வேறு கம்பெனி. வருஷம் நாலாகிறது. பரவாயில்லை என்கிற வார்த்தையை அவள் சிட்டிகையிடம் இதுவரை சொல்லவில்லை. வீட்டு விசேஷங்களில் எதிரெதிரே வந்தால், “சாப்டியா?” என்று கேட்பாள். “சாப்டேங்க்கா,” என்பாள் சிட்டிகை. இருவருக்கும் நடுவில் அவ்வளவுதான் பேச்சு.

சிட்டிகை இப்போது தராசு மெஷின் செய்யும் ஒரு கம்பெனியில் இருக்கிறாள். அவள் புரோகிராம் எழுதுவதில்லை. மற்றவர்கள் எழுதியதைச் சோதிக்கும் வேலை. அம்மாவோடு, ரயில் பாதைக்குப் பக்கத்துத் தெருவில், முதல் மாடியில் குடியிருக்கிறாள்.